அப்பாவைப் பெற்றவள் பங்கு

விலை பேசி முடிந்தது. ஐந்து லட்சம் அட்வான்ஸ் கைமாறி, மூன்று மாதக் கெடு போட்டு கிரைய ஒப்பந்தமும் எழுதியாயிற்று. வாங்குகிறவர் வீட்டுக் கடனுக்குப் போகிறார். வங்கியின் வக்கீல் பத்திரக் கட்டை ஒருமுறை புரட்டுகிறார். தாய்ப்பத்திரம், கிரையப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கட்டை மூடிவைத்துவிட்டு அவர் கேட்பது ஒரே கேள்வி: "உங்க அப்பாவோட அம்மா எப்ப சார் இறந்தாங்க?"

விற்க வந்த அண்ணன் தம்பிக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். ஊரில் இருந்த பாட்டிக்கும் தாம்பரத்து வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா 1978ல் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை வாங்கி வீடு கட்டினார். 1996ல் உயில் எழுதாமல் இறந்தார். அன்று உயிரோடு இருந்தவர்கள் அவருடைய மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், அவரைப் பெற்ற தாய். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசுகள் பட்டியலில் மனைவி, மக்களோடு தாயும் சமமாக நிற்கிறார். தந்தை அந்தப் பட்டியலில் இல்லை, தாய் இருக்கிறார். ஆகவே ஐந்து பங்கு. பாட்டிக்கு 480 சதுர அடி. அவரும் 2001ல் உயில் இல்லாமல் இறக்கிறார். பெண்ணின் சொத்து யாருக்குப் போகும் என்பதை அதே சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது: கணவர் முன்பே இறந்திருந்தால் அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கும், முன்பே இறந்துபோன பிள்ளையின் பிள்ளைகளுக்கும். பாட்டிக்கு நான்கு பிள்ளைகள். அப்பாவின் கிளைக்கு 120 சதுர அடி திரும்பி வருகிறது. மீதி 360 சதுர அடி சித்தப்பாவுக்கும் இரண்டு அத்தைகளுக்கும் தலைக்கு 120 என்று போய்விடுகிறது. 120 சதுர அடி என்பது பன்னிரண்டுக்குப் பத்து. ஒரு படுக்கையறை.

மூன்று படுக்கையறை மற்றவர்களுடையது. அவர்களுக்கே அது தெரியாது. இருபது வருடத்துக்கு மேலாக யாரும் கேட்கவும் இல்லை.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உரிமைச் சிக்கல் என்றதும் போலிப் பத்திரமும் நில அபகரிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன, செய்தியாகிறவையும் அவைதான். ஒரு சாதாரண வீட்டு விற்பனை நடுவழியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பாட்டியைப் போன்ற ஒருவர். கட்டில் எல்லாத் தாளும் இருக்கும். ஒரு ஆளின் கையெழுத்து இருக்காது.

சட்டம் மதத்துக்கு மதம் மாறுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அப்பா கிறிஸ்தவராக இருந்திருந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம் என்றால் பிள்ளைகள் இருக்கையில் தாய்க்கு ஆறில் ஒன்று உறுதி. வக்கீல் முதலில் இறந்தவரின் மதத்தையும், அடுத்து இறந்த தேதியையும் கேட்பது இதனால்தான்.

"வாரிசுச் சான்று இருக்கே" என்பார்கள். தாசில்தார் தரும் அந்தச் சான்று யார் யார் வாரிசு என்று வருவாய்த் துறை விசாரித்துச் சொல்லும் ஒரு தகவல். சேமிப்புக் கணக்குக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அது போதும். அதில் பாட்டியின் பெயர் விட்டுப்போனதால் பாட்டியின் பங்கு போய்விடாது. அடுத்த வாதம் இன்னும் பிரபலமானது: "இருபத்தஞ்சு வருஷமா நாங்கதானே குடியிருக்கோம், வரி கட்டுறோம்." பன்னிரண்டு வருடம் எதிரிடை அனுபவம் இருந்தால் சொத்து நமதாகிவிடும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். கூட்டு உரிமையாளர்களுக்குள் அது அவ்வளவு எளிதாகச் செல்லாது. ஒரு பங்காளி வீட்டில் இருந்தால் அவர் மற்ற பங்காளிகளின் சார்பிலும் இருப்பதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். "உனக்கு இதில் பங்கில்லை, வெளியே போ" என்று வெளிப்படையாக மறுத்த ஒரு நாளைக் காட்ட வேண்டும். நல்லபடியாகக் கல்யாணம் காட்சிக்கு வந்துபோய்க்கொண்டிருந்த அத்தையிடம் எந்த நாளைக் காட்டுவது?

வாங்கும்போது, வீட்டுவரி பெயர் மாற்றும்போது, மாடி எடுக்கும்போதெல்லாம் தலைகாட்டாத சிக்கல் விற்கும்போது மட்டும் ஏன் வருகிறது? நம் பதிவு முறையின் அடிப்படையிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் பத்திரங்களைப் பதிவு செய்கிறது. உரிமையாளரைப் பதிவு செய்வதில்லை. "இன்னார் இன்னாருக்கு இந்தச் சொத்தை விற்றதாக எழுதிக்கொடுத்தார்" என்பதற்கு அரசு சாட்சி. விற்றவருக்கு அது சொந்தமா என்பதற்கு அரசு சாட்சி இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858ல் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறை இதற்கு நேர் எதிரானது. அங்கே அரசின் ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ஏட்டுக்கு அரசே பொறுப்பு. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு நிலச் சட்டம் அந்த வழியில் வந்தது. இலங்கையும் 1998ல் உரிமைப் பதிவுச் சட்டம் ஒன்றை இயற்றி, அந்த வழிக்கு மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது.

நம்மிடம் சார்பதிவாளருக்குக் கூடுதல் கண் கொடுக்கத் தமிழகம் முயன்றது. மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று பதிவு விதிகளில் 55ஏ சேர்க்கப்பட்டது. 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அடித்துவிட்டது. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலையே இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு நவம்பரில் பீகாரிலிருந்து வந்த வேறொரு வழக்கில், பதிவும் உரிமையும் தனித்தனியாகக் கிடப்பதன் கேட்டை உச்ச நீதிமன்றமே விரிவாகப் பேசி, சட்ட ஆணையத்தை ஆராயச் சொன்னது. என் கருத்தில் முதல் தீர்ப்பு சட்டப்படி சரி. ஆனால் "ரிஜிஸ்டர் ஆபீசுல பதிஞ்சு குடுத்துட்டாங்களே, அப்ப சரியாத்தானே இருக்கும்" என்று நம்புகிற மக்களுக்கு அந்தத் தீர்ப்பின் பொருளை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வில்லங்கச் சான்றைப் பற்றியும் இதே மயக்கம் உண்டு. சார்பதிவகத்தில் ஆட்களின் பெயர்ப்படி ஒரு அட்டவணை, சொத்தின்படி ஒரு அட்டவணை. நீங்கள் கொடுத்த சர்வே நம்பருக்கும் காலத்துக்கும் அந்த அட்டவணை சொல்லும் பதில்தான் வில்லங்கச் சான்று. பழைய பத்திரத்தில் சர்வே நம்பர் வேறாக இருந்தால் சான்று சுத்தமாக வரும். கிராமம் நடுவில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் ஒரு அலுவலகத்தின் சான்று பாதிக் கதையைத்தான் சொல்லும். சென்னையின் புறநகரில் இது அடிக்கடி நேர்வது. பதியாத உயில் அதில் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. மரணம் வரவே வராது. சாவைப் பதியும் ஏடு ஒரு அலுவலகத்தில், பத்திரத்தைப் பதியும் ஏடு வேறொரு அலுவலகத்தில். பாட்டியின் 480 சதுர அடி இந்த இரண்டு ஏட்டுக்கும் நடுவில்தான் தொலைந்தது. பேச்சுத் தமிழில் வில்லங்கம் என்றால் வம்பு என்று பொருள். "வில்லங்கம் இல்லை" என்ற அரசுத் தாளைப் பார்த்து வம்பே இல்லை என்று ஜனங்கள் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

விற்கும்போது மட்டும் முதல்முறையாக வெளியாள் ஒருவர், தன் பணத்தைப் போடப்போகிறவர், கட்டைப் பிரிக்கிறார். அதுவும் வங்கிப் பணம். வக்கீல் பாட்டியைத் தேடுவது அதனால்.

சரி, என்ன செய்வது? சித்தப்பாவும் அத்தைகளும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். தங்கள் பங்கை இன்னாருக்கு விட்டுக்கொடுத்தோம் என்று எழுதி, பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத் தாளிலோ இருபது ரூபாய் முத்திரைத்தாளிலோ எழுதி வீட்டிலேயே வாங்கிய கையெழுத்து செல்லாது. அசையாச் சொத்தின் உரிமையை விடும் ஆவணத்துக்குப் பதிவு கட்டாயம். இன்னொரு வழி, அவர்களையும் கிரையப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேர்த்துவிடுவது. வங்கிகளுக்கு இது பிடிக்கும். ஒரே பத்திரத்தில் எல்லாப் பங்கும் வந்துவிடுகிறது. செலவும் மிச்சம். விடுதலைப் பத்திரத்துக்குக் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 என்று 2023 ஜூலையில் மாற்றினார்கள். வெளியார் என்றால் தீர்வை 7 சதவீதம். குடும்பம் என்ற சொல்லுக்கு முத்திரைச் சட்டம் தனியாக ஒரு வரையறை வைத்திருக்கிறது. அத்தைக்கும் அண்ணன் மகனுக்கும் நடுவிலான பத்திரம் எந்தக் கணக்கில் வரும் என்பதை எழுதுவதற்கு முன்பே சார்பதிவகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் இவ்வளவுதான். கஷ்டம் அத்தை வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது. "ஒரு கையெழுத்துத்தான் அத்தை" என்று பழத்தட்டோடு போய் நிற்பார்கள். அத்தை போட்டுவிடுவார். அவருடைய மூத்த மகன், "எதுக்கு மாமா பசங்க இப்ப திடீர்னு வர்றாங்க?" என்று கேட்பார். அந்தப் பகுதியில் சதுர அடி ஆறாயிரம் போகிறது என்று வைத்தால் 120 சதுர அடிக்கு 7,20,000 ரூபாய். இதை மறைத்து வாங்கும் கையெழுத்து பிறகு "ஏமாற்றி வாங்கினார்கள்" என்ற வழக்குக்கு விதை. கணக்கைச் சொல்லிவிட்டு, ஒரு தொகையைப் பேசி, காசோலையாகக் கொடுத்து, அந்தத் தொகையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவதுதான் நிற்கும். சார்பதிவகத்தில் அத்தையை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். தேய்ந்துபோன விரல் ரேகை இயந்திரத்தில் விழாமல் நாலைந்து முறை அழுத்தச் சொல்வார்கள். சாட்சிகள் இரண்டு பேர். அரை நாள் வேலை.

ஒரு அத்தை இறந்திருந்தால் அவருடைய கணவரும் பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும். அதில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பொது அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிட்டாக வேண்டும். வாரிசுகளில் ஒருவர் மைனர் என்றால் வழி குறுகிவிடுகிறது. மைனரின் அசையாச் சொத்தை அப்பாவோ அம்மாவோ விற்பதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அனுமதி இல்லாமல் விற்றதை அந்தப் பிள்ளை பதினெட்டு வயதான பின் மூன்று வருடத்துக்குள் மறுக்கலாம். வழக்கே போட வேண்டியதில்லை, நடத்தையாலும் மறுக்கலாம் என்று 2025ல் உச்ச நீதிமன்றம் சொன்னபின் பழைய பத்திரங்களில் "மைனருக்காகத் தாய்" என்ற வரியைப் பார்த்தாலே வக்கீல்கள் அந்தப் பக்கத்தில் காதை மடித்துவைக்கிறார்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் தேதிகள்தான் தீர்மானிக்கும். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பிறப்புரிமை கொடுத்த மாநிலத் திருத்தம் 1989 மார்ச் 25லிருந்து அமல்; அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9ல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேலியை எடுத்துவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடவில்லை. ஆகவே 1992ல் அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிக்கொண்ட பாகப்பத்திரத்தைப் பார்த்தால், தங்கைக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று என்பது அடுத்த கேள்வி. கல்யாணப் பத்திரிகையைச் சொத்து ஆவணத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லும் வக்கீல்கள் இருக்கிறார்கள், வேடிக்கைக்குச் சொல்வதில்லை.

யாராவது ஒருவர் கையெழுத்திட முடியாது என்றுவிட்டால் மிஞ்சுவது பாகப்பிரிவினை வழக்கு. முதல்நிலைத் தீர்ப்பு, பிறகு இறுதித் தீர்ப்பு, நடுவில் ஆணையர் வந்து அளப்பது என்று வருடக்கணக்கில் இழுக்கும். கெடு மூன்று மாதம் போட்ட ஒப்பந்தம் அதற்குள் செத்துவிடும். பேசித் தீர்ப்பதற்கு ஆகும் தொகை அதிகம் என்று தோன்றும்போதெல்லாம் இந்தக் காலத்துக்கும் ஒரு விலை போட்டுப் பார்க்க வேண்டும்.

தாளில் உள்ள பிழைகள் ஆட்களோடு ஒப்பிட்டால் எளியவை. சர்வே நம்பரில் 214/3 என்பது 241/3 என்று விழுந்திருக்கும். தெற்கு எல்லை வடக்காகியிருக்கும். அப்பா பெயரின் முதலெழுத்து மாறியிருக்கும். இதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம். முன்பு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து எழுத வேண்டும். விற்றவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள். அவர்கள் மறுத்தால் 1963ஆம் ஆண்டு குறித்த பரிகாரச் சட்டத்தின் 26ஆவது பிரிவில் வழக்கு. நான்கெல்லை தெளிவாக இருந்தால் அளவிலோ எண்ணிலோ உள்ள பிழையை மீறி எல்லையே பொதுவாக வெல்லும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்வது. ஆனால் பிழைத்திருத்தம் என்ற பெயரில் வேறொரு மனையைப் பத்திரத்துக்குள் கொண்டுவர முடியாது.

பட்டாவில் வரும் தொல்லை இன்னொரு ரகம். யுடிஆர் என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் எண்பதுகளில் நடந்தபோது ஏறிய தவறான பெயர்கள் இன்றைக்கும் கணினியில் உட்கார்ந்திருக்கின்றன. திருத்தத்துக்குத் தாசில்தார், அங்கிருந்து மேல்முறையீட்டுக்குக் கோட்டாட்சியர், அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர். பட்டா உரிமையைத் தருவதில்லை என்று நீதிமன்றங்கள் எத்தனை முறை சொன்னாலும், பட்டா இல்லாத வீட்டை வாங்க ஆள் வருவதில்லை. இரண்டும் உண்மை. இரண்டோடும்தான் விற்பவர் மல்லுக்கட்ட வேண்டும்.

எப்போதோ அடைத்த கடனும் வந்து நிற்கும். கடன் தீர்ந்தது, ரத்து ரசீதைப் பதிவு செய்யவில்லை, வில்லங்கத்தில் அடமானம் அப்படியே இருக்கிறது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரத்தைத் திருப்பித்தந்து, பதிவான பாரத்தையும் நீக்க வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. பத்திரத்தை வங்கியே தொலைத்தால் நகல் வாங்கும் செலவும் வங்கியுடையது. உங்கள் கையிலேயே தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டறிய இயலாச் சான்று, சார்பதிவகத்தில் சான்றிட்ட நகல். பதிவுக்கு இவை தேவையோ இல்லையோ, வாங்குகிறவரின் வங்கி இவற்றைக் கேட்காமல் விடாது.

உண்மையிலேயே போலிப் பத்திரம் ஒன்று நடுவில் பதிவாகியிருந்தால் குறுக்கு வழி கிடையாது. மாவட்டப் பதிவாளரே அதை ரத்து செய்யலாம் என்று 2022ல் தமிழகம் பதிவுச் சட்டத்தில் கொண்டுவந்த 77ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் செல்லாததாக்கியது. நீங்களாக ஒரு ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவதும் உதவாது. கிரையப் பத்திரத்தை ஒருதலையாக ரத்து செய்ய முடியாது என்று அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011லேயே சொல்லிவிட்டது. சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம். அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய.

இதையெல்லாம் வாங்குகிறவரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று சிலர் தரகரிடம் கிசுகிசுப்பார்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது: தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும். மறைத்து விற்றால் பணம் வாங்கிய பிறகும் பொறுப்பு தொடரும். சொல்லிவிட்டு, கெடுவை ஆறு மாதமாக நீட்டி, அத்தைகளின் பங்குத் தொகையைக் கிரையத்தன்று நேரடியாக அவர்களுக்கே காசோலையாகக் கொடுப்பதென ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதிய விற்பனைகள் நல்லபடியாக முடிகின்றன. அட்வான்ஸ் வாங்கி மகன் படிப்புக்குக் கட்டிய பிறகு சிக்கல் தெரியவந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

ஆகவே விற்கும் எண்ணம் இருப்பவர்கள் தரகரைக் கூப்பிடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பத்திரத்தில் பெயர் இருப்பவர் முதல் இன்றுவரை குடும்பத்தில் இறந்தவர்கள் அத்தனை பேரின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அன்று உயிரோடு இருந்தவர்கள் யார் என்று குறியுங்கள். இறப்புச் சான்று இல்லாததற்கு மனுப் போடுங்கள். பிறகு அத்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. இன்றைக்கு அது ஒரு கையெழுத்து. அவருக்குப் பிறகு ஐந்து கையெழுத்து, அதில் ஒன்று கனடாவிலிருந்து வர வேண்டும்.